இன்ஸ்டால் பண்ணச் சொல்லாத மனுஷன்: தேனீ உமர்தம்பி

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்ல நான் பண்ணின ஒரு கூத்தைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். தமிழ் வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்க ஒரு பைத்தான் பேக்கேஜ் தேவைப்பட்டது. தேடினேன், கிடைச்சது, பேரைப் போட்டு பிப் இன்ஸ்டால் தட்டினேன். திரையில வரி வரியா ஓடுச்சு. ஒன்னு கேட்டதுக்கு முப்பதுக்கு மேல இறங்குச்சு. நான் பாட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தா என் கோடு அருமையா ஓடுது. ஆனா அதே மெஷின்ல என் டீம்மேட் செஞ்சு வச்சிருந்த படம் பார்த்துப் பொருளைக் கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம் செத்துக் கிடக்குது. இறங்கின முப்பதுல ஒன்னு நம்பை. இருந்த 1-ஆம் வரிசை நம்பையைத் தூக்கிட்டு 2-ஆம் வரிசையை வச்சிருக்கு. 2024 ஜூன்ல நம்பை 2.0 வந்தப்ப, பழசுக்காக கம்பைல் பண்ணின பேக்கேஜ்கள் பலது அதோட ஒத்துப்போகாம படுத்துச்சுன்னு அப்புறம்தான் படிச்சேன். அவனோட மூணு வார உழைப்பு. மறுநாள் ரிவ்யூ.

லேப் அண்ணன் திட்டவே இல்லை. எது எதெல்லாம் உள்ளே வரும்னு தட்டுறதுக்கு முன்னாடி பார்த்தியான்னு மட்டும் கேட்டார். என்கிட்ட பதில் இல்லை.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி பண்ணினோம். நடுவுல ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட முதல் அத்தியாயத்துக்காகக் கணினித் தமிழ் வரலாற்றைப் புரட்டிட்டு இருந்தப்பதான் இவர் மாட்டினார். உமர்தம்பி. நீங்களும் நானும் பிறக்கிறதுக்கு முன்னாலோ, தவழ்ந்துக்கிட்டு இருந்தப்பவோ இறந்துபோனவர். தமிழ் இணையத்தோட முதல் தலைமுறைக்கு ரொம்பத் தெரிஞ்ச பெயர். லேப் அண்ணன் என்னைக் கேட்ட கேள்வியை இருபது வருஷத்துக்கு முன்னாடியே தலைகீழாக் கேட்டவர்னு அவரைப் பத்தி எனக்குத் தோணுது. எது உள்ளே வரும்னு நாம கேட்கிறோம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவரோட மெஷின்ல எது ஏற்கெனவே இருக்குங்கிற இடத்திலிருந்து அவர் வேலையைத் தொடங்கினார்.

1953 ஜூன் 15-ஆம் தேதி அதிராம்பட்டினத்தில் பிறந்தார். தஞ்சாவூர் மாவட்டம்தான், ஆனா நமக்குப் பக்கம். புதுக்கோட்டையிலிருந்து பட்டுக்கோட்டை போய், அங்கே இன்னொரு பஸ் பிடிச்சுக் கடல் பக்கமா பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம் போனா வந்துடும். அறந்தாங்கிப் பசங்களுக்கு இன்னும் சுலபம், காரைக்குடி–திருவாரூர் ரயில் பாதையிலேயே அந்த ஊர் இருக்கு. உப்பளம், மீன்பிடி, கொஞ்சம் கிழக்கே போனா முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. பல வீடுகள்ல யாராவது ஒருத்தர் கடல் கடந்து சம்பாதிச்சுக்கிட்டு இருப்பார். நம்ம மாவட்டத்துல கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கம் பார்த்திருப்பீங்களே, அதே மாதிரி.

உமர்தம்பியும் அப்படித்தான் போனார். துபாயில் பல வருஷம் வேலை. கணினித் தமிழுக்கு அவர் செஞ்ச எதுவும் சம்பளத்துக்குச் செஞ்சது கிடையாது, எல்லாமே தன்னார்வம். அவருடைய எழுத்துருக்களும் செயலிகளும் பரவத் தொடங்கின 2000-களின் ஆரம்பத்துல அவருக்கு வயசு ஐம்பதை ஒட்டி. இந்த வயசுக்கணக்கு எனக்கு ஏனோ திரும்பத் திரும்ப ஞாபகம் வருது. இருபது வயசுல நமக்கு ஒரு எர்ரர் மெசேஜைப் பொறுமையாப் படிக்க முடியலை.

அவர் என்ன செஞ்சார்னு புரியணும்னா அன்னிக்குத் தமிழ் இணையம் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்.

எங்க மாமா ஒருத்தர் 2003 வாக்குல புதுக்கோட்டையில ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்த கதையை அடிக்கடி சொல்வார். சிங்கப்பூர்ல இருந்த அவரோட சிநேகிதர் ஒரு தமிழ்ப் பக்கத்தோட முகவரியை எழுதி அனுப்பியிருக்கார். மாமா ஆசையாத் திறந்தா, தலையில கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்தும், கேள்விக்குறியும், பவுண்டு குறியுமா திரை நிறைய வந்திருக்கு. மேலே ஒரு வரி மட்டும் ஆங்கிலத்துல: இந்தப் பக்கத்தைப் படிக்க இந்த எழுத்துருவை இறக்கி நிறுவவும். சென்டர் ஓனர்கிட்ட கேட்டா, மெஷின்ல எதையும் ஏத்தக் கூடாதுன்னுட்டார். மாமா காசு கொடுத்துட்டு எழுந்து வந்துட்டார்.

இது ஏன் நடந்துச்சு? அந்தக் காலத்துல ஒரு எழுத்துக்கு 8 பிட், மொத்தம் 256 இடம். முதல் பாதியில ஆங்கிலம் உட்கார்ந்திருக்கும். மிச்சத்துல, சில சமயம் ஆங்கிலத்தோட இடத்துலயே, தமிழ் எழுத்தோட படத்தை வச்சு எழுத்துரு செஞ்சாங்க. எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கிறதை ஒவ்வொருத்தரும் தன்னிஷ்டத்துக்கு முடிவு பண்ணிக்கிட்டாங்க. ஒரு வார இதழுக்கு ஒரு எழுத்துரு, ஒரு நாளிதழுக்கு இன்னொன்னு. அஞ்சு தளம் படிக்கணும்னா அஞ்சு எழுத்துரு. முயற்சிகள் நடக்காம இல்லை. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995-லயே தமிழை இணையத்துல ஏத்திக் காட்டினார். அவர் 1999-ல காலமாகிட்டார். மின்னஞ்சல் குழுவுல உலகம் முழுக்க இருந்த ஆட்கள் விவாதிச்சு திஸ்கின்னு ஒரு பொதுக் குறியீட்டை உருவாக்கினாங்க. 1999-ல சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டுல அரசு டாம், டாப்னு ரெண்டைக் கொண்டுவந்துச்சு. குழப்பம் குறைஞ்சுது, ஆனா தீரலை.

நம்ம பாஷையில சொன்னா, அந்தப் பக்கங்களுக்கு ஒரு கட்டாய டிபெண்டன்சி இருந்துச்சு. எழுத்துரு இல்லைன்னா பக்கம் அசிங்கமாத் தெரியும்கிற அளவோட போகலை, பக்கத்துல தமிழே கிடையாது. சேமிச்சு வச்சிருக்கிறது என்னவோ ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு போனா அர்த்தமே போச்சு.

இந்த இடத்துல நம்ம ஊர்க் கல்லை நினைச்சுப் பாருங்க. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துல சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி வெட்டியிருக்கு. குடுமியான்மலையில இசைக் கல்வெட்டு பல்லவ கிரந்தத்துல இருக்கு. டூர் போய் முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருப்பீங்க. எழுத்து கண்ணு முன்னாடி அப்படியே இருக்கு, ஒரு வரி வாசிக்க வராது. கல் முழுசா இருக்கு, வாசிக்கத் தேவையானது நம்ம மண்டையில நிறுவப்படலை. ஆனா ஒரு நல்ல விஷயம், யாராவது பிராமி கத்துக்கிட்டா அந்தக் கல் அவருக்கு உடனே பேசும். 8 பிட் பக்கம் அப்படிப் பேசாது. எந்த எழுத்துருவுல செஞ்சதுங்கிற தகவல் தொலைஞ்சா புதிரை அவிழ்க்கிற மாதிரி அவிழ்க்கணும்.

இதுக்கு மருந்து யூனிகோட். தமிழ்ல ஒருங்குறின்னு சொல்றோம். 1991-ல வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கிட்டாங்க. அதுல க-வுக்கு ஒரே எண்தான், உலகத்துல எந்த மெஷின்லயும் அதே எண். அப்புறம் என்ன, பிரச்சினை தீர்ந்துச்சுன்னு தோணும். தீரலை. யூனிகோடுக்கும் டிபெண்டன்சி இருக்கு, அது கொஞ்சம் ஆழத்துல இருக்கு.

கொ-ன்னு ஒரு எழுத்தை எடுத்துக்கங்க. நாம பார்க்கிறது மூணு துண்டு: கொம்பு, க, கால். யூனிகோட்ல சேமிக்கிறது ரெண்டே: க, அப்புறம் ஒ-வோட குறி. அந்தக் குறியை ரெண்டாப் பிளந்து, ஒரு பாதியை க-வுக்கு முன்னாடியும் மறுபாதியைப் பின்னாடியும் வைக்கிற வேலையை யாராவது செய்யணும். விண்டோஸ்ல அதைச் செய்யறது யூனிஸ்கிரைப்னு ஒரு நிரல். அது எழுத்துருவுக்குள்ள இருக்கிற ஓப்பன்டைப் அட்டவணைகளைப் பார்த்துத்தான் வேலை செய்யும். ஆக, பக்கத்துக்கு எழுத்துரு வேணும், அது சாதாரண எழுத்துருவா இருந்தாப் போதாது, உள்ளே அட்டவணை இருக்கணும். அதைப் படிக்க யூனிஸ்கிரைப் வேணும், அதுவும் தமிழ் தெரிஞ்ச யூனிஸ்கிரைப்பா இருக்கணும். ஒன்னுக்குள்ள ஒன்னு.

விண்டோஸ் 2000-லதான் முதல்முதலா தமிழ் வந்துச்சு, லதாங்கிற எழுத்துருவோட. 2001-ல எக்ஸ்பி வந்துச்சு. அதுல எல்லாம் இருக்கு, ஆனா தூங்கிட்டு இருக்கும். கன்ட்ரோல் பேனலுக்குப் போய் மொழி அமைப்புல சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில டிக் அடிக்கணும். அடிச்சா விண்டோஸ் சிடியைக் கேட்கும். கம்ப்யூட்டர் வாங்கினப்ப கொடுத்த சிடியை பீரோவுல பத்திரமா வச்சிருந்த வீடு எத்தனை? விண்டோஸ் 98-ல இதுவும் கிடையாது. 2003-ல நம்ம பக்கத்து பிரவுசிங் சென்டர்கள்ல பாதிக்கு மேல 98-தான்னு மாமா சத்தியம் பண்றார்.

அந்த 2003-லதான் தமிழ் வலைப்பூக்கள் முளைக்க ஆரம்பிச்சுது. தமிழ் விக்கிப்பீடியாவும் அந்த வருஷம்தான். எழுதுறவங்க யூனிகோடுக்கு மாறலாமா வேணாமான்னு தவிச்சாங்க. மாறினா எதிர்காலம் இருக்கு, ஆனா இன்னிக்கு வாசகர் போயிடுவார். நியாயமான பயம்.

இங்கேதான் உமர்தம்பியோட தேனீ வருது. தேனீங்கிறது அவர் உருவாக்கின யூனிகோட் எழுத்துரு. அதை அவர் இயங்கு எழுத்துருவாக் கொடுத்தார். வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தைத் திறந்தா, எழுத்துரு பக்கத்தோட சேர்ந்து தானே வந்து, வேலையைச் செஞ்சுட்டு, கிளம்பிடும். விண்டோஸ் 98-ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வச்சிருந்தவங்களுக்கும் தமிழ் தெரிஞ்சுது. வைகைன்னு இன்னொரு இயங்கு எழுத்துருவும் செஞ்சார். ரெண்டையும் இலவசமாவே கொடுத்தார்.

இதுக்கான தொழில்நுட்பத்தை அவர் கண்டுபிடிக்கலை, அதையும் சொல்லிடணும். மைக்ரோசாஃப்ட் 1997-லயே எக்ஸ்ப்ளோரர் 4-ஓட ஈஓடிங்கிற எழுத்துரு வடிவத்தைக் கொண்டுவந்துச்சு. சாதாரண எழுத்துருவை அந்த வடிவத்துக்கு மாத்த வெஃப்ட்னு ஒரு கருவியும் கொடுத்துச்சு. பக்கத்தோட ஸ்டைல் பகுதியில, இந்தப் பெயருள்ள எழுத்துரு இந்த முகவரியில இருக்குன்னு ரெண்டு வரி எழுதினாப் போதும். எல்லாருக்கும் திறந்து கிடந்த வசதிதான். ஆனா அதைத் தமிழ் யூனிகோடோட சேர்த்து, அட்டவணைகள் சரியா இருக்கிற எழுத்துருவைச் செஞ்சு, ஒரு சாதாரண வலைப்பதிவர் ரெண்டு வரி ஒட்டினா ஓடுற அளவுக்குக் கொண்டுவர ஒரு ஆள் உட்கார்ந்து மெனக்கெடணும். அவர் மெனக்கெட்டார்.

அளவைப் பாருங்க. ஏரியல் யூனிகோட்னு ஒரு எழுத்துரு ஆஃபீஸ் 2000-ஓட வந்துச்சு, தமிழும் அதுல உண்டு. 20 எம்பிக்கு மேல இருக்கும். அன்னிக்கு டயல் அப்ல உச்ச வேகம் 56 கிலோபிட். கணக்குப் போட்டா, லைன் ஒரு தடவைகூட அறுந்து போகாம இருந்தாலே முக்கால் மணி நேரம் ஆகும். தமிழுக்கு மட்டும்னு செஞ்சா சில நூறு வடிவங்கள் போதும், கோப்பு குட்டியா இருக்கும். உலக மொழி எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வர்ற பெரிய பேக்கேஜைத் தவிர்த்து, தேவையானதை மட்டும் கொண்டுவர்றது. நான் மினி ப்ராஜெக்ட்ல செய்யாம விட்டது இதைத்தான். என் தேவைக்கு ஐம்பது வரி கோடு போதும். நான் முப்பது பேக்கேஜை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தேன்.

சரி, தேனீக்கு டிபெண்டன்சியே இல்லையான்னு கேட்டா, நிறைய இருந்துச்சு. ஈஓடி எக்ஸ்ப்ளோரர்ல மட்டும்தான் ஓடும். 2004 கடைசியில ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தப்ப அதுல தேனீ பறக்கலை. எழுத்துருக் கோப்பு ஏதாவது ஒரு சர்வர்ல இருந்தாகணும், அது படுத்தா கோப்பும் படுத்துடும். வெஃப்ட்ல கோப்பைக் குறிப்பிட்ட தள முகவரியோட பிணைச்சுக் கட்டுற வசதி உண்டு. அப்படிக் கட்டினா வேற முகவரியில அது வேலை செய்யாது. லினக்ஸ்காரங்களுக்கு இதனால ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்னிக்கு யாராவது இப்படி ஒன்னை நம்மகிட்ட நீட்டினா, ஒரே கம்பெனியோட ஒரே பிரவுசரை நம்பி எப்படிப்பா இறங்குறதுன்னு கேட்போம். கேட்கவும் வேணும்.

ஆனாலும் அவர் சரியாத்தான் செஞ்சார்னு நான் நினைக்கிறேன். காரணம் இது. தேனீ வரலைன்னா பக்கம் என்ன ஆகும்? வாசகர் மெஷின்ல வேற யூனிகோட் எழுத்துரு எது இருந்தாலும் அதுல தெரியும். எதுவுமே இல்லைன்னா கட்டம் கட்டமாத் தெரியும், ஆனா அந்தக் கட்டத்துக்கு உள்ளே இருக்கிறது சுத்தமான தமிழ் எண்கள். அவரோட டிபெண்டன்சி காட்சியில மட்டும் இருந்துச்சு, சேமிச்ச எழுத்துக்குள்ள புகவே இல்லை. பழைய 8 பிட் எழுத்துருவைக் கழட்டினா பக்கம் சாகும். தேனீயைக் கழட்டினா பக்கம் காத்துக்கிட்டு இருக்கும். கல்வெட்டு மாதிரி.

எழுத்துருவோட நிக்கலை. ஆங்கில விசைகளை ஒலிப்புப்படி தட்டினா யூனிகோட் தமிழா வர்ற ஒரு எழுதியைச் செஞ்சார். பழைய குறியீட்டுல இருக்கிற உரையை யூனிகோடுக்கு மாத்துற மாற்றி செஞ்சார். வலைப்பதிவுக்கான செய்தியோடையை உருவாக்குற கருவி செஞ்சார். வரிசையாப் பார்த்தா ஒரே ஆள் யோசனை தெரியும். படிக்க என்ன தடை, எழுத என்ன தடை, ஏற்கெனவே எழுதினது பழைய குறியீட்டுல மாட்டிக்கிட்டா என்ன வழி. ஒவ்வொரு தடைக்கும் ஒரு சின்னக் கருவி. அந்தக் காலத்துல இதே வேலையில வேற பலரும் இருந்தாங்க. இ-கலப்பை, பொங்கு தமிழ் மாதிரிக் கருவிகளைச் செஞ்சவங்களும் தன்னார்வலர்கள்தான். உமர்தம்பி தனி ஒருத்தராத் தமிழ் இணையத்தைத் தூக்கி நிறுத்தினார்னு சொன்னா அது பொய், மத்தவங்களுக்குச் செய்யற துரோகமும்கூட. ஆனா வாசகர் பக்கத்து மெஷினை இவ்வளவு கரிசனமாப் பார்த்தவங்க குறைவு.

2006 ஜூலை 12-ஆம் தேதி காலமானார். வயசு 53.

கொஞ்ச மாசத்துல, 2007 ஜனவரியில, விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்துச்சு. அதுல தமிழுக்கு டிக் அடிக்கவும் வேண்டாம், சிடியும் வேண்டாம், எல்லாம் முழிச்சுக்கிட்டே இருந்துச்சு. 2009-ல ஃபயர்ஃபாக்ஸ் 3.5 பக்கத்தோடவே எழுத்துருவைக் கொண்டுவர்ற வசதியைத் தன் வழியில சேர்த்துக்கிச்சு. 2012 டிசம்பர்ல வோஃப்ங்கிற வடிவம் டபிள்யூ3சி-யோட அதிகாரப்பூர்வப் பரிந்துரை ஆச்சு. இன்னிக்கு நீங்க போன்ல திறக்கிற பாதித் தளங்கள் எழுத்துருவைத் தன்னோடயே தூக்கிட்டு வருது. கொள்கை அதேதான். 2010 ஜூன்ல கோவையில நடந்த செம்மொழி மாநாட்டுல இணையத் தமிழ் அரங்குக்கு அவர் பெயரை வச்சாங்க.

அவர் போனதைப் படிச்சப்ப எனக்கு ஒரு கேள்வி உறுத்துச்சு. தேனீயை நம்பிப் பக்கம் வச்சிருந்தவங்க எல்லாம் ஒரே ஒரு மனுஷரை நம்பி இருந்திருக்காங்க. அதுல ஒரு பிழை வந்தா யார் திருத்துவார்? நம்ம பேக்கேஜ்கள்லயும் கதை இதுதான். 2016 மார்ச்ல லெஃப்ட்பேட்னு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை எழுதினவர் ஏதோ சண்டையில அதை நீக்கிட்டார். மொத்தம் 11 வரி, ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்புறது, அவ்வளவுதான் அதோட வேலை. அது போனதும் உலகம் முழுக்க பெரிய பெரிய ப்ராஜெக்ட் எல்லாம் பில்டு ஆகாம நின்னுச்சு. தாங்கள் அதை நம்பி இருக்கோம்னே பலருக்கு அப்பதான் தெரியும்.

அதைவிட பயங்கரம் 2024 மார்ச்ல நடந்தது. எக்ஸ்இசட்னு கோப்பைச் சுருக்குற ஒரு நிரல். லினக்ஸ்ல எங்கேயும் இருக்கும். அதைப் பல வருஷமாப் பார்த்துக்கிட்டது பெரும்பாலும் ஒரே ஒரு தன்னார்வலர், களைச்சுப் போயிருந்தார். உதவிக்கு வர்றேன்னு ஒருத்தர் வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லவரா நடந்து, பொறுப்பை வாங்கிக்கிட்டு, 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல ரகசியக் கதவு ஒன்னை வச்சுட்டார். குறி வச்சது எஸ்எஸ்ஹெச்சுக்கு. வேடிக்கை என்னன்னா எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே கிடையாது. சில லினக்ஸ் விநியோகங்கள் எஸ்எஸ்ஹெச்சோட சிஸ்டம்டி நூலகத்தை இணைச்சிருந்தாங்க, அந்த நூலகம் எக்ஸ்இசட்டோட நூலகத்தைக் கூட்டிட்டு வந்துச்சு. கூட்டாளியோட கூட்டாளி. மைக்ரோசாஃப்ட்ல வேலை பார்க்கிற ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலா ஆகுதேன்னு நோண்டப் போய்க் கண்டுபிடிச்சார். அந்த அரை விநாடியை நாமளா இருந்தா வைஃபை சரியில்லைன்னு விட்டிருப்போம்.

அதனால இப்ப நான் எதையும் தட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்கிறேன். பிப்ல ட்ரை ரன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, 2022-லிருந்து. நிறுவாம, என்ன என்ன நிறுவப் போறேன்னு பட்டியலை மட்டும் காட்டும். அந்தப் பட்டியல்ல நம்பை மாதிரி ஏற்கெனவே இருக்கிற ஒன்னோட பேர் வந்தா அங்கேயே கையை எடுத்துடணும். உபுண்டுல ஏபிடி கட்டளையோட சிமுலேட் ஆப்ஷனைச் சேர்த்தா அதே வேலை நடக்கும். எது எது நீக்கப்படும்னும் சொல்லும், அந்தப் பகுதியை முதல்ல படிங்க. என்பிஎம்ல ஒரு பேக்கேஜைப் போடுறதுக்கு முன்னாலேயே வியூ கட்டளையால அதோட நேரடி டிபெண்டன்சிகளைப் பார்க்கலாம். அது பேக்கேஜை நிறுவும்போதே ஸ்கிரிப்ட் ஓட்டும், அதை ஓட விடாமத் தடுக்கவும் ஆப்ஷன் இருக்கு. பேக்கேஜ் பெயரை எழுத்து எழுத்தாப் பாருங்க. பிரபலமான பேரை ஒரு எழுத்து மாத்தி வச்சு வலை விரிக்கிறது இப்ப ஒரு தொழில். கடைசி வெளியீடு எப்ப, பார்த்துக்கிறது எத்தனை பேர், உரிமம் என்னங்கிறதைப் பக்கத்துக்குப் போய்ப் படிக்க ரெண்டு நிமிஷம் போதும். எல்லாத்துக்கும் மேல, ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட். என் டீம்மேட் என்கிட்ட ரெண்டு நாள் பேசாததுக்குக் காரணம், நான் இந்தக் கடைசி ஒன்னைச் செய்யாததுதான். (இப்பப் பேசுறான். முட்டை மாஸ் ரெண்டு ப்ளேட் செலவாச்சு.)

உமர்தம்பி விஷயத்துல இன்னொரு கேள்வியையும் கத்துக்கிட்டேன். இதைக் கழட்டினா என்ன மிஞ்சும்? எக்ஸ்இசட், லெஃப்ட்பேட் பத்தி எல்லாம் படிக்கும்போது எது உள்ளே வருதுன்னே மனசு ஓடும். வெளியே போறப்ப என்ன ஆகும்னு யோசிக்கத் தோணாது. என் ரிப்போர்ட்டை ஒரு கம்பெனியோட தனி ஃபார்மேட்ல சேமிச்சா, நாளைக்கு அந்த சாஃப்ட்வேர் இல்லாதப்ப என்கிட்ட என்ன இருக்கும்? என் டேட்டாவை ஒரு பேக்கேஜுக்கு மட்டுமே புரியற கோப்பா வச்சிருந்தா? ப்ராஜெக்ட் டேட்டா முழுக்க இப்பச் சாதாரண உரைக் கோப்புகளுக்கு மாத்திட்டோம். தமிழ் எல்லாம் யூனிகோட்ல.

ரிப்போர்ட் முடிச்ச அன்னிக்கு ஒரு வேலை பண்ணினேன். 2005-ஐச் சேர்ந்த ஒரு பழைய தமிழ் வலைப்பூவைத் தேடித் திறந்தேன். எழுதினவர் அப்புறம் எழுதவே இல்லை போல, கடைசிப் பதிவோட நின்னுபோயிருக்கு. பக்கத்தோட சோர்ஸைப் பார்த்தேன். மேலே ஸ்டைல் பகுதியில அந்த ரெண்டு வரி அப்படியே இருந்துச்சு, தேனீங்கிற பேரும் ஒரு ஈஓடி முகவரியும். முகவரியைத் தட்டினா எதுவும் வரலை, சர்வர் எப்பவோ போயிருக்கு. என் குரோமுக்கு ஈஓடின்னா என்னன்னே தெரியாது, அந்த வரியைத் தாண்டிப் போயிடுது. சோர்ஸை மூடிட்டுப் பக்கத்துக்குத் திரும்பினேன். மழை பெஞ்ச ஒரு நாளைப் பத்தி எழுதியிருந்தார். ஒரு எழுத்துகூட உடையாம, முழுசும் வாசிச்சேன்.